மாமா ரிட்டயர் ஆவதற்குள் ஒரு விக்கி

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பா தொடங்கிய ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனி. மொத்தம் 21 பேர். அதில் ஒன்பது பேர் வண்டியில் சுற்றி வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள். வாசகி மூன்று வருடமாக அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். சர்வீஸ் பிரிவைக் கவனிப்பவர் 24 வருடமாக அங்கேயே இருக்கிறார். வாசகி ஸ்கூல் படிக்கும் காலத்திலிருந்து அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார். அவர் இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். எந்த அப்பார்ட்மென்டில் எந்த செட் மழைக்கு மக்கர் பண்ணும், எந்தப் பேனலில் எவன் என்ன வயரை மாற்றிவைத்திருக்கிறான் என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை ஒரு விக்கியில், அதாவது கம்பெனி ஆட்களே சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய ஓர் இணையதளத்தில், ஏற்றிவைக்க வேண்டும் என்பது வாசகியின் ஆசை.

"போன வருஷம், ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டும் ஒரு விக்கி சேவையை வாங்கினேன். சனி, ஞாயிறு உட்கார்ந்து நாற்பது பக்கம் நானே எழுதினேன். ஒருத்தரும் திறக்கவில்லை. எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்பிலேயே கேட்கிறார்கள். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் அத்தை பையன், 'மீடியாவிக்கி போடு, விக்கிப்பீடியாவே அதில்தான் ஓடுகிறது, ஆபீஸில் சும்மா கிடக்கும் பி.சி. போதும்' என்கிறான். அப்பாவுக்கோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் யாராவது அப்படியே தூக்கிக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று பயம். மூன்று பேர் மட்டும் பார்க்கிற மாதிரி செய் என்கிறார். மாமா எழுதித் தருவேன், தருவேன் என்கிறாரே தவிர ஒரு வரி எழுதவில்லை. எழுதி முடிக்கும்வரை கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, நிறுத்திவைக்கலாமா, வேறு கம்பெனிக்குப் போக மாட்டேன் என்று கையெழுத்து வாங்கலாமா என்று அப்பா கேட்கிறார். எந்த சாஃப்ட்வேர் நல்லது? தமிழில் எழுதலாமா?"

வணக்கம். நீங்கள் எந்த சாஃப்ட்வேர் என்பதை முதல் கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு கிராஜுவிட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தப்பு நடந்தால் மற்றதெல்லாம் நடக்கவே நடக்காது.

கிராஜுவிட்டியைத் தொடாதீர்கள்

நான் வக்கீல் இல்லை, சின்ன கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுப்பவன். ஆனாலும் இது உங்கள் பி.எஃப். கணக்கு பார்ப்பவரே ஒரே நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். ஐந்து வருடம் முடித்த ஊழியருக்குப் பணிக்கொடை சட்டப்படியான உரிமை, அப்பா மனசு வைத்துக் கொடுப்பது இல்லை. கடைசி மாதச் சம்பளத்தில் சட்டம் இதற்குக் கணக்கில் எடுக்கும் பகுதியை (முக்கியமாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு உரியது வரும். அந்தத் தொகை 26,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 15,000. இருபத்து நான்கு வருடத்துக்கு 3,60,000. அதை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். பிடித்தம் செய்ய வழி இருப்பது, வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்து அதற்காகவே வேலைநீக்கம் செய்யப்பட்டவர் போன்ற சில நிலைமைகளில் மட்டும்தான். 'தலையில் இருப்பதை எழுதித் தரவில்லை' என்பது அதில் வராது.

அந்தக் கையெழுத்து விஷயமும் அப்படித்தான். வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்குவது, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. வாடிக்கையாளர் பட்டியலையும் விலை விவரத்தையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று வாங்கலாம், அது வேறு. இன்னொன்று, அப்பாவுக்கு நிம்மதி தரக்கூடியது: வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதுவதன் பதிப்புரிமை நிறுவனத்துக்கே. விக்கியில் எந்த ஊழியர் எழுதினாலும் அது கம்பெனியுடையது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 24 வருடம் வேலை செய்தவருக்குத் தன் பணம் பணயமாக இருப்பது தெரிந்தால் அவர் எழுதத்தான் செய்வார். பேட்டரியை செக் செய்யவும், டீசல் இருக்கிறதா பார்க்கவும், தேவைப்பட்டால் ஃபில்டரை மாற்றவும் என்று எழுதுவார். அதை எழுத அவர் எதற்கு? கையேட்டிலேயே இருக்கிறதே. அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது கையேட்டில் இல்லாதது.

மாமாவை எழுதச் சொல்லாதீர்கள்

அவர் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் நினைப்பதாகக் கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள் என்று வெறும் தாளை நீட்டினால் யாராலும் எழுத முடியாது. அவருக்குத் தெரிந்தது அவருக்கே தெரியாது. யாராவது போன் செய்து, "அண்ணே, கிராங்க் ஆகுது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" (இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஓடத் தொடங்கவில்லை) என்றால்தான் அது வெளியே வரும்.

அதனால் முதல் இரண்டு வாரம் விக்கியை மறந்துவிடுங்கள். அவர் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். அவருக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி: யார், எந்த சைட், என்ன கேள்வி. அதையும் அவர் எழுத வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுதட்டும். இரண்டு வாரத்தில் எந்தக் கேள்வி ஐந்து தடவை வந்தது என்று தெரிந்துவிடும். அப்படி அதிகம் வந்த பதினைந்து கேள்விகள்தான் உங்கள் முதல் பதினைந்து பக்கங்கள். நீங்கள் சனி, ஞாயிறு எழுதிய நாற்பது பக்கம் ஏன் படுத்துவிட்டது என்றால், அவை நீங்கள் யோசித்த கேள்விகள். அந்த ஒன்பது பேர் கேட்ட கேள்விகள் இல்லை.

அப்புறம் தினமும் சாயங்காலம் டீ நேரத்தில் அரை மணி. மாமா, ஒரு இளைய டெக்னீஷியன், நடுவில் ஒரு போன். ரெக்கார்டு செய்கிறோம் என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். பையன் கேட்கட்டும், அவர் பேசட்டும். மறுநாள் பையன் அதை ஒரு பக்கமாக எழுதி அவரிடம் காட்டட்டும், கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பு இருந்தால் இன்னும் நல்லது. எழுதச் சொன்னால் நழுவுகிற மனிதர், தப்பாக எழுதியதைப் பார்த்தால் சும்மா இருக்கவே மாட்டார். "யாருடா இதை எழுதியது, பேனாவைக் கொண்டா" என்பார். பக்கத்தின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று அவர் பெயரைப் போடுங்கள்.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். இப்படி ஒரு பக்கம் உங்களிடம் இருந்தால் அது நல்ல பக்கம்:

"அண்ணா நகர் அப்பார்ட்மென்ட், 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர். மழைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தால்: கிளம்புவதற்கு முன் போனிலேயே எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும். பாதி நேரம் அதுதான். சைக்கிள் நிறுத்துகிறவர்கள் கை பட்டு அமுங்கிவிடுகிறது. ரூம் சாவி வாட்ச்மேனிடம் இருக்காது, செயலாளர் வீட்டில் இருக்கும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினாலும் நம்ப வேண்டாம். கிராங்க் செய்யும்போது மீட்டரைப் பிடிக்கவும், 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான். போன முறை டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஓடவில்லை என்றால் ஏர் லாக். கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றவும்."

அவ்வளவுதான். முன்னுரை கிடையாது, 'நோக்கம்' என்று ஒரு தலைப்பு கிடையாது. மொட்டை வெயிலில் பேனல் முன்னால் நின்று போனில் படிக்கிற ஆளுக்கு எழுதுகிறோம்.

தமிழில் எழுதலாமா என்றால், தமிழில்தான் எழுத வேண்டும். இன்றைய விக்கி மென்பொருள்கள் எல்லாமே யூனிகோடு, அதாவது எந்த போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறை; தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் வரும். மாமாவின் பழைய செக் லிஸ்ட்டுகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் வேர்டு கோப்பாக இருக்கின்றன என்றீர்கள். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. இதைவிடப் பெரிய தொல்லை தேடல். ஒருவர் 'ஆல்டர்னேட்டர்' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஆல்ட்டர்நேட்டர்' என்று தேடுவார், ஒன்றும் வராது, 'இந்த விக்கி வேஸ்ட்' என்று மூடிவிடுவார். இன்ஜின், எஞ்சின், என்ஜின் என்று ஒரே பொருளுக்கு மூன்று எழுத்து. எது சரி என்று பட்டிமன்றம் நடத்த வேண்டாம். பக்கத்தின் கடைசி வரியில் 'தேடுசொற்கள்' என்று போட்டு, உங்கள் ஆட்கள் தட்டக்கூடிய எல்லா வடிவத்தையும், ஆங்கில எழுத்தில் உள்ளதையும் சேர்த்து, வரிசையாகப் போட்டுவிடுங்கள். அழகாக இருக்காது. ஆனால் கிடைக்கும்.

சரி, எந்த சாஃப்ட்வேர்?

அத்தை பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் விக்கிப்பீடியா அதில் ஓடுகிறது என்பதே மீடியாவிக்கி உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம். உலகமே படிக்கட்டும் என்று கட்டியது அது. மொத்த விக்கியையும் லாகினுக்குப் பின்னால் வைக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தை இவர் பார்க்கலாம், அவர் பார்க்கக் கூடாது என்று பிரிப்பதற்கு அது செய்யப்பட்டதல்ல, அதை உருவாக்குபவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பா விலைப் பட்டியலையாவது தனியாக வைக்கச் சொல்வார். அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பார்க்கத் தகுந்தவை இரண்டு. டோக்குவிக்கி: 2004-லிருந்து இருக்கிறது, டேட்டாபேஸே வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. போல்டரை காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. பிரிவு பிரிவாக யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் எழுத அதற்கென்று சில குறியீடுகள் பழக வேண்டும். உங்கள் பையன்கள் போனில் அதைத் தட்டுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்று புக்ஸ்டாக். அலமாரி, அதற்குள் புத்தகம், அதற்குள் அத்தியாயம், பக்கம் என்று அடுக்கியிருக்கும். வேர்டில் எழுதுவது போலவே எழுதலாம், படத்தை இழுத்துப் போடலாம், புத்தகத்தை அப்படியே பி.டி.எஃப். ஆக எடுக்கலாம். யாருக்கு எந்தப் புத்தகம் என்று பிரிக்கலாம். டேட்டாபேஸ் உண்டு என்பதால் நிறுவுவது கொஞ்சம் கூடுதல் வேலை, அதை அத்தை பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவான். இரண்டுமே இலவசம். உங்களுக்கு நான் புக்ஸ்டாக் என்பேன்.

ஆளுக்கு மாதச் சந்தா என்கிற சேவைகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 21 பேருக்கு வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டும். அப்புறம் செலவைக் குறைக்க ஐந்து பேருக்கு மட்டும் லாகின் வாங்குவீர்கள். மற்ற பதினாறு பேர் அந்த ஐந்து பேருக்கு போன் செய்வார்கள். மறுபடி பழைய கதை. உங்கள் கம்பெனி மெயில் ஏற்கெனவே கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தால் அதோடு வரும் கூகுள் சைட்ஸை வைத்தே இன்று மாலை தொடங்கிவிடலாம். பதினைந்து பக்கத்துக்கு அது தாராளம்.

ஆபீஸ் பி.சி. வேண்டாம்

இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். உங்கள் தொழில் என்ன? ஊரில் கரண்ட் போனால் உங்களுக்கு போன் வரும். ஊரில் கரண்ட் போனால் உங்கள் ஆபீஸிலும் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஒன்பது பேருக்கு அந்தப் பக்கங்கள் வருடத்தில் மிக அவசரமாகத் தேவைப்படுகிற அதே மூன்று நாள், ஆபீஸ் மூலையில் கிடக்கும் பி.சி. அணைந்து கிடக்கும். உங்களிடமே ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். ஜெனரேட்டர் இருக்கும், பிராட்பேண்ட் இருக்காது.

நானே வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். 2015 வெள்ளத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் தரைத்தள ஆபீஸில் சர்வரை மேசைக்கு அடியில் வைத்தேன், ஒழுங்காக பேக்கப்பும் போட்டேன். பேக்கப் டிஸ்க் எங்கே இருந்தது? அதே மேசையின் கீழ் டிராயரில். இரண்டையும் ஒன்றாக வெயிலில் காயவைத்தோம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் டிஸ்க்கைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் வாடகைக்கு ஒரு சின்ன மெய்நிகர் சர்வர் எடுங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கும் டேட்டா சென்டர்களில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே உங்களுக்குப் போதுமானது கிடைக்கும். தினமும் இரவு டேட்டாபேஸ், படங்கள், அமைப்புக் கோப்பு மூன்றும் வேறொரு இடத்துக்கு காப்பி ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த காப்பியிலிருந்து புதிதாக ஒரு விக்கியை எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெருமழையில் செல்போன் டவரும் படுத்துவிடும் என்பதால், அக்டோபர் பிறப்பதற்குள் முக்கியமான பக்கங்களை பி.டி.எஃப். ஆக எடுத்து ஒன்பது பேர் போனிலும் ஏற்றிவிடுங்கள். லேமினேட் செய்து வண்டி டிக்கியில் போட்டாலும் நான் சிரிக்க மாட்டேன்.

அப்பாவின் பயம்

இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நியாயமான பயம், ஆனால் தப்பான இடத்தில் பூட்டு போடச் சொல்கிறார். மூன்று பேர் மட்டும் படிக்கலாம் என்றால் அதற்கு விக்கி எதற்கு, மூன்று பேர் தலையே போதுமே. பேட்டரி எப்படிப் பார்ப்பது என்பதைத் தெரிந்துகொண்டு யாரும் போட்டிக் கம்பெனி தொடங்கிவிட முடியாது. காக்க வேண்டியது விலை, ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியும் தேதி, வாடிக்கையாளர் போன் எண்கள். அவற்றைத் தனிப் புத்தகத்தில், அப்பாவும் நீங்களும் மட்டும் பார்க்கும்படி வையுங்கள்; கணக்கு மென்பொருளிலேயே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஊழியர் ஆதார் நகல், சம்பளம், வங்கி பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் வீட்டு கேட் நம்பர் பூட்டு எண் ஆகியவை விக்கிக்குள் வரவே கூடாது. பாஸ்வேர்டுகளுக்குத் தனி செயலிகள் இருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது; தேவையில்லாத தனிநபர் விவரத்தைச் சேர்த்துவைப்பது இனி வீண் தலைவலி. ஆளாளுக்குத் தனி லாகின் கொடுங்கள், ஒருவர் வேலையை விட்ட அன்றே அதை மூடுங்கள். எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிற ஏற்பாட்டுக்குத்தான் அப்பா உண்மையில் பயப்பட வேண்டும்.

யாராவது தப்பாக மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று அப்பா கேட்பார். பழைய வடிவங்கள் சேமிப்பில் இருக்கும், யார், எப்போது மாற்றினார் என்றும் இருக்கும். ஒரு கிளிக்கில் திரும்பிவிடலாம். அவர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பக்கம் வெளியாக வேண்டும் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1995-இல் முதல் விக்கியை உருவாக்கியபோது, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் ஒரு பஸ்ஸின் பெயரிலிருந்துதான் இந்தச் சொல்லை எடுத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் வேகம். அப்பாவின் மேசையில் பக்கங்கள் பத்து நாள் வரிசையில் நின்றால் பையன்கள் வாட்ஸ்அப்புக்கே போய்விடுவார்கள்.

வாட்ஸ்அப்பைத் தடை செய்யவும் வேண்டாம். குரூப்பில் கேள்வி வந்தால் பதிலை அங்கே தட்டாமல், விக்கிப் பக்கத்தின் லிங்கைப் போடுங்கள். பக்கம் இல்லையா? எழுதிவிட்டு லிங்கைப் போடுங்கள். இதை மாமாவும் நீங்களும் மட்டும் ஒரு மாதம் விடாமல் செய்தால் போதும். இன்னொரு வழி, நான் ஒரு இடத்தில் செய்து நன்றாக நடந்தது: ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு கியூ.ஆர். ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தால் அந்த செட்டின் பக்கம் நேரே திறக்கும், வெளியாள் ஸ்கேன் செய்தால் லாகின் திரைதான் வரும். பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இன்ஜின் பக்கம் ஒட்டினால் சூட்டில் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும்.

ஆறு மாதத்தில் எல்லாம் முடியாது. முடிய வேண்டிய அவசியமும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள், தனிச் சம்பளத்தில், ஆலோசகராக வரச் சொல்லி மாமாவிடம் இப்போதே பேசுங்கள். அப்பா பேசினால் இன்னும் நல்லது. கிராஜுவிட்டி செக்கையும் அந்த ஆலோசகர் நியமன ஆர்டரையும் ஒரே கவரில் வைத்துக் கொடுங்கள்.

கடைசியாக, அந்த நாற்பது பக்கங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். லீவு விதி, விடுமுறைப் பட்டியல், பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுப் பணம்) வாங்குவது எப்படி: இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், இவற்றை நிஜமாகவே எல்லாரும் தேடுவார்கள். மீதியை ஒரு காப்பி வைத்துக்கொண்டு சந்தாவை நிறுத்திவிடுங்கள். அடுத்த தவணை எப்போது தானாகக் கழியும் என்று இன்றே பார்த்துவிடுங்கள்.